பெற்றவர்களுக்கு மனநோய், பார்த்துக்கொள்வது பிள்ளைகள்

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் கூடும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்குவா?" கேட்பவர்கள் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர். நோய் அவர்களுடைய மகனுக்கோ மகளுக்கோ. மறுவாழ்வு இல்லங்களும் குடும்பங்களுக்கான உதவிக் குழுக்களும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கூட்டத்தின் கடைசி வரிசையில் வேறு சிலரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பது, நாற்பது. நோய் அம்மாவுக்கு, அல்லது அப்பாவுக்கு. அவர்கள் எழுந்து எதுவும் கேட்பதில்லை. அங்கே நடக்கும் பேச்சில் தங்களுக்கான இடம் எது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

இது அபூர்வமான நிலைமை இல்லை. இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று வரும் மனச்சிதைவு நோயும் (ஸ்கிசோஃப்ரினியா), அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயும் (பைபோலார்) பெரும்பாலும் பதின்வயதின் முடிவுக்கும் முப்பதுகளின் தொடக்கத்துக்கும் இடையில் தலைகாட்டுகின்றன. நம் ஊரில் அது கல்யாண வயது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்பது வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லும் வைத்தியம். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சேர்த்து, மனநல மருத்துவர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அதில் தெரியவந்தவற்றில் ஒன்று, நோய் கண்டவர்களில் திருமணமானவர்களின் விகிதம் மேலைநாடுகளைவிட மிக அதிகம் என்பது. நோய்க்கு மருந்தாக நடத்திவைத்த கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து, சம்பாதித்து, அதே நோயைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு நோய் தொடங்கிய அம்மாக்களும் உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் தீவிரமான மனநோய் வருகிறது. உடனே சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும். தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்து வைத்தியம் பார்க்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு பிறந்த எத்தனையோ பிள்ளைகள், "உன்னைப் பெத்ததுல இருந்துதான் உங்கம்மா இப்படி ஆயிட்டா" என்று கேட்டே வளர்ந்தவர்கள். சொன்ன அத்தை அதைச் சொன்ன மறுநிமிடம் மறந்திருப்பார். கேட்ட குழந்தை மறப்பதில்லை. பிரசவத்தோடு ஹார்மோன்கள் சட்டென்று குறைவதும், தொடர்ந்து தூக்கம் கெடுவதும், ஏற்கெனவே உடலில் இருந்த நோய்ச் சாய்வும் சேர்ந்து வருவது அது. குழந்தை எந்த விதத்திலும் காரணம் இல்லை. இந்த எளிய விளக்கத்தை நாற்பது வயது வரை ஒரு டாக்டர் வாயிலிருந்தும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பத்து வயதில் தெரிந்துகொண்டவை

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் அறிவு அவர்களிடம் இருக்கும். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசல் தெளிக்க ஆரம்பித்தால் இன்னும் ஒரு வாரத்தில் பிரச்சினை வரும். அப்பா நாலு நாளாகத் தூங்காமல், டீக்கடையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் காசு கொடுக்கத் தொடங்கினால் பீரோ சாவியை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். ஜன்னலை அடைத்துவிட்டு மெதுவாகப் பேசச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் இவற்றை முன்னறிகுறிகள் என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பத்து வயதிலேயே இவற்றைப் படித்து முடித்திருக்கும்.

கூடவே வேலைகளும் வந்து சேரும். தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது, சோறு வடிப்பது, அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்று வாசலிலேயே விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவுசெய்தால் நாற்பத்தெட்டு நாள் பள்ளிக்கூடமும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, வெளியில் மூச்சுவிடக் கூடாது என்ற கட்டளை. "உங்கம்மா கீழ்ப்பாக்கமாமே?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டுவிட்டால் அந்த வருடமே கெட்டுப்போகும். 1794 முதல் இயங்கிவரும் ஒரு மனநல மருத்துவமனையின் இருப்பிடத்தை நாம் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதன் வலி முழுவதும் இந்தப் பிள்ளைகளின் தலையில்தான் இறங்குகிறது.

பெற்றோரின் இடத்தைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும் இந்தத் தலைகீழ் நிலையைக் குடும்பச் சிகிச்சை நிபுணர்கள் 1960களிலிருந்தே எழுதி வருகிறார்கள். அது எப்போதும் கேடாக முடிவதில்லை. பலர் பொறுப்பானவர்களாக, அடுத்தவர் மனநிலையை நொடியில் படிக்கிறவர்களாக வளர்கிறார்கள். ஆனால் உதவி கேட்கத் தெரியாதவர்களாகவும் வளர்கிறார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கும் முன்பே வயிறு இழுத்துப் பிடிக்கும். தன் சந்தோஷத்துக்காக ஒரு வாரம் எங்காவது போய்வந்தால் ஏதோ தப்பு செய்தது போல இருக்கும்.

அம்மாவுக்கு என் மேல் பாசமே இல்லையா?

வளர்ந்த பிள்ளைகள் டாக்டரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பும் கேள்வி இது என்று நினைக்கிறேன். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நம்பிக்கை போன்றவற்றை நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மனச்சிதைவின் மறுபக்கம் சத்தமில்லாதது. முகத்தில் உணர்ச்சி தெரியாது. பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். எதையும் தொடங்கும் உந்துதல் போய்விடும். எதிலும் ஆசை இருக்காது. குரல்களும் சந்தேகமும் மருந்துக்கு ஓரளவு நன்றாகவே அடங்கும். இந்த மறுபக்கத்துக்கு இன்றைய மருந்துகள் அவ்வளவாக உதவுவதில்லை.

மகள் முதல் சம்பளத்தில் புடவை வாங்கி வருகிறாள். அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் கட்டிலில் வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேரனைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், ஆனால் முகம் மலரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இது அலட்சியம். பிள்ளைக்கோ, சின்ன வயதிலிருந்து சேர்ந்த இப்படிப்பட்ட நூறு தருணங்களோடு இதுவும் ஒன்று. உள்ளே நடப்பது என்னவென்றால், உணர்ச்சி இருந்தாலும் அது முகத்துக்கும் செயலுக்கும் வந்து சேரும் வழி பழுதாகியிருக்கிறது. முகத்தில் உணர்ச்சி காட்டாத நோயாளிகள் பலர், கேட்டால் உள்ளுக்குள் எல்லோரையும் போலவே உணர்வதாகச் சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தப் புடவையை அம்மா மூன்று மாதம் கழித்து, யாரும் சொல்லாமல், கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடும்.

இதைத் தெரிந்துகொண்டால் வலி போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவிடமிருந்து கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை என்ற இழப்பு அப்படியேதான் இருக்கும். ஆள் கண்ணெதிரே இருக்க, உறவு மட்டும் கைநழுவிப் போகும் இந்த இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து எழுதி வந்திருக்கிறார். சாவு என்றால் ஊர் கூடும், காரியம் நடக்கும், அழ அனுமதி உண்டு. இந்த இழப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. "அம்மா உயிரோடதானே இருக்காங்க, என்ன குறை?" என்று கேட்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கொடுமைக்கும் நோய் மட்டுமே காரணம் இல்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. நோய் இருந்த அப்பா குடித்துவிட்டு வந்து அடித்தவராகவும் இருந்திருக்கலாம். நோய் இல்லாத நாட்களிலும் அவர் அடித்திருக்கலாம். அதை மன்னித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைக்கு யாரும் உத்தரவு போட முடியாது. அப்பாவின் மாத்திரைச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு நேரில் பார்க்காமல் இருக்கும் மகனைக் கல்நெஞ்சன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் கதை வேறு. நோய் தெரியவந்ததும் மனைவியைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. இந்து திருமணச் சட்டம் மனநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக ஏற்கிறது என்றாலும், பலர் கோர்ட்டுக்கே போவதில்லை, சும்மா விட்டுவிடுகிறார்கள். இப்படிக் கைவிடப்பட்ட சென்னைப் பெண்களைப் பற்றித் தாராவும் உடன் பணியாற்றியவர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, மனநோய் என்ற பெயரைவிட வாழாவெட்டி என்ற பெயரே அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் அதிகம் சுட்டது என்று சொல்கிறது. அந்தப் பெண்களின் பிள்ளைகளில் சிலர் அப்பா வீட்டில் வளர்ந்து, இருபத்தைந்து வயதில் மாமா வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் நினைவுகளே இல்லை. அப்போது தொடங்கும் உறவு அம்மா-பிள்ளை உறவாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இரண்டு பக்கமும் இறக்கி வைத்தால்தான் பேச்சே வரும். மாதம் ஒருமுறை போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதில் ஆரம்பித்தால் போதும்.

மாத்திரை

வளர்ந்த பிள்ளைக்கும் நோயுள்ள பெற்றோருக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நீதான் என்னைப் பைத்தியமாக்குற" என்று அம்மா சொல்வது பிடிவாதத்தால் என்று பிள்ளை நினைக்கிறார். மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பகுதியினருக்குத் தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வே குறைவாக இருக்கும். மூளையின் எந்தப் பகுதி தன்னைத் தானே எடைபோடுமோ அதையே நோய் தொட்டுவிடுவதால் வரும் நிலை அது. வாதாடி நிரூபித்து அதை வரவழைக்க முடியாது. அப்புறம் மருந்தின் தொல்லைகள். ஒலன்சபின் சாப்பிட்டால் பசி அடங்காது, எடை ஏறும், பகலெல்லாம் தூக்கம். ரிஸ்பெரிடோன் சிலருக்குக் கையை நடுங்க வைக்கும், உடம்பை இறுக்கும். குளோசபின் சாப்பிடுபவர்களுக்குத் தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனையும், மலச்சிக்கல் கடுமையாக இருக்கும். இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் தாகத்தையும் நடுக்கத்தையும் கொடுக்கும். "ஏன் போடமாட்டேங்குற?" என்று அதட்டுவதை விட்டு "போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையான பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசி இருக்கிறது. தினசரிச் சண்டையை அது மாதத்துக்கு ஒன்றாகக் குறைக்கும்.

இதையெல்லாம் முயலாமல், அல்லது முயன்று தோற்று, பல வீடுகளில் எடுக்கும் வழி சாப்பாட்டில் கலப்பது. மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிச் சாம்பாரில் கலப்பது, சொட்டு மருந்தைக் காபியில் விடுவது. வேறு வழி தெரியாத மகள் இரவு பதினோரு மணிக்கு அடுப்படியில் விளக்கைப் போடாமல் இதைச் செய்யும்போது அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் இது தவறான வழி என்றே நினைக்கிறேன். "சோத்துல என்னமோ கலக்குறாங்க" என்பதுதான் அந்த அம்மாவின் நோய் சொல்லும் கதை. ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால் அந்தக் கதை உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு மகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள் உண்டு. ஆபத்தும் இருக்கிறது. மருந்து உள்ளே போவது தெரியாததால் பக்கவிளைவை மருந்தோடு சேர்த்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. பாதி சாப்பிட்டுவிட்டுக் கொட்டினால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

நோயின் பேச்சுக்குப் பதில் சொல்வதிலும் இதே சிக்கல்தான். "அப்படி யாருமே பேசலம்மா" என்று மறுத்தால் சண்டை. "ஆமாம்மா, பக்கத்து வீட்டுக்காரன் அப்படித்தான்" என்று ஒத்துக்கொண்டால் நோய்க்குச் சாட்சி சொன்னதாகும். "எனக்குக் கேக்கலம்மா, ஆனா உனக்கு ரொம்ப பயமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துலயே உக்காந்துக்கட்டுமா?" என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. சொல்ல எளிது. விடிந்தால் ஆபீஸ் போக வேண்டிய இரவில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

தூரத்தில் இருப்பது கைவிடுவதா?

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து தேறி வெளியே போனவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களுக்கு நோய் மீண்டும் வருவது, தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட அதிகமாக இருந்தது. மேற்கொண்டு தேடியபோது மூன்று விஷயங்கள் புலப்பட்டன: வீட்டார் ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பது. கிறிஸ்டின் வாகனும் ஜூலியன் லெஃப்பும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் வாரத்துக்கு 35 மணி நேரம் என்பது ஒரு கோடாக வந்தது. இப்படிப்பட்ட சூழலில், அதற்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்து, மருந்தும் எடுக்காதவர்களுக்கே நோய் மிக அதிகமாகத் திரும்பியது. பிறகு இதே மாதிரி ஆய்வைச் சண்டிகரில் செய்தபோது, இந்தியக் குடும்பங்களில் இந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. அது நமக்கு நல்ல செய்தி. ஆனால் இந்தக் காலத்து இரண்டு படுக்கையறை பிளாட்டில், கூட்டுக் குடும்பத்தின் சித்தியும் பெரியப்பாவும் இல்லாமல், ஒரே மகளும் அம்மாவும் நாளெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

நோய்க்குக் காரணம் குடும்பம் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. வந்த நோய் திரும்புவதில் வீட்டுச் சூழலுக்குப் பங்கு உண்டு என்றுதான் சொல்கின்றன. அதனால், மகன் ஒரே தெருவில் தனி வீடு எடுத்துக்கொண்டு தினமும் மாலை வந்து போவது ஓடிப்போவது இல்லை. பல சமயம் அது சிகிச்சையின் பகுதி. மாடியும் கீழுமாக இருப்பது, அம்மா பகலில் நான்கு மணி நேரம் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போய்வருவது, மகள் வேலைக்குப் போவது, எல்லாமே இருவருக்கும் நல்லது செய்யும். "பெத்த தாயைத் தனியா விட்டுட்டான்" என்று பேசும் சொந்தக்காரர்கள் வாரத்தில் ஒரு மதியம் வந்து அந்த அம்மாவோடு உட்கார்ந்திருந்தால் அது இன்னும் நல்லது.

இந்திய மனநல மருத்துவத்துக்கு இந்த விஷயத்தில் பெருமைப்படும்படியான வரலாறு ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்து அவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை அதற்குப் பிறகு வேரூன்றியது. மேலைநாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை வாசலில் நிறுத்தியிருந்த காலம் அது. இன்றைக்கு அந்த மரபு "கூட ஒரு அட்டெண்டர் இருக்கணும்" என்ற ஒற்றை விதியாகச் சுருங்கி நிற்கிறது. அந்த அட்டெண்டர் பெரும்பாலும் கல்யாணமாகாத மகள், அல்லது பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள். வெளியூர் அண்ணன் பணம் அனுப்புவார். அவளுடைய லீவும் வேலையும் தூக்கமும் யார் கணக்கிலும் வராது.

நல்லா இருக்கும்போதே பேச வேண்டியவை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படக்கூடிய இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் குடும்பம் மிகக் குறைவு.

முதலாவது, நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டாவது, தன் சார்பில் முடிவெடுக்கத் துணைநிற்கும் பிரதிநிதியாக யாரை நியமிக்கிறார் என்பதையும் எழுதி வைக்கலாம். நியமிக்காவிட்டால் சட்டப்படி உறவினர் அந்த இடத்துக்கு வருவார். அப்போதுதான் அண்ணன் தம்பிக்குள் தகராறு. அம்மா தெளிவாக இருக்கும் ஒரு மாதத்தில், சாப்பிட்டு முடித்த ஒரு ஞாயிறு மதியத்தில், "அடுத்த தடவை முடியாமப் போனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா? எந்த ஊசி உனக்கு ஒத்துக்கல? யார் கூட இருந்தா உனக்குத் தேவலாம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "சித்தி வேண்டாம், அவ சத்தம் போடுவா" என்பதுகூட அந்தத் தாளில் இருக்க வேண்டிய தகவல்தான். நோய் முற்றிய இரவில் மகன் அம்மாவைக் காரில் ஏற்றும்போது, அம்மாவே சொல்லி எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருப்பது இருவருக்குமே பெரிய வித்தியாசம். இல்லையென்றால் "என்னை ஆள் வெச்சுத் தூக்கிட்டுப் போனான்" என்ற நினைவு பத்து வருடம் நிற்கும்.

விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்கும் வரையறை இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், மற்றொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். முதலில் முப்பது நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சொத்து விஷயத்தில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. 1987-ம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் மூலம் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழி இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையும் அதில் இருக்கிறது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் காப்பாளர் ஏற்பாடு மனநோய்க்குப் பொருந்தாது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது முடிந்துபோகும். அப்பா உற்சாகம் தலைக்கேறிய நாளில் நிலத்தைப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதை எதிர்க்க வழி உண்டு. ஆனால் அந்தத் தேதியில் அவர் நிலை என்ன என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவதையும் அவர் நன்றாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு செய்துவிடுவது நல்லது.

எனக்கும் வருமா?

முப்பது வயது தாண்டும் வரை பலர் இந்தப் பயத்தோடுதான் தூங்குகிறார்கள். மனச்சிதைவு பொதுவாக நூறில் ஒருவருக்கு அருகில் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு உயரும். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்ற மற்றவற்றையும் சேர்த்தால் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. மரபணு ஒரு பங்கு, வளர்ந்த சூழலின் நெருக்கடி ஒரு பங்கு. இளவயதில் கஞ்சாவைத் தவிர்ப்பதும், தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதும், மனம் சரியில்லை என்று தோன்றியதும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்ப்பதும் கையில் இருக்கும் விஷயங்கள். கட்டணமில்லாத டெலி-மானஸ் உதவி எண் 14416 நோயாளிக்கு மட்டுமானது இல்லை. பார்த்துக்கொள்பவரும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணப் பேச்சில் இதை எப்போது சொல்வது என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. பெண் பார்க்க வரும் நாளில் அம்மாவைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் வேண்டாம். எப்படியும் ஒருநாள் தெரியப்போகும் விஷயம் அது. அன்றைக்கு அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்திருக்கும்.

வயதான பிறகு

அம்மாவுக்கு அறுபத்தைந்து ஆகும்போது பார்த்துக்கொள்ளும் வேலை உருமாறுகிறது. வருடக்கணக்கில் சாப்பிட்ட ஒலன்சபின், குளோசபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் கூட்டியிருக்கும். லித்தியம் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் சாதாரணமாக வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்றவையும், சில பிரஷர் மாத்திரைகளும் ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது லித்தியம் நச்சாக இருக்கலாம். இதை எலும்பு டாக்டரும் கேட்க மாட்டார், மெடிக்கல்காரரும் கேட்க மாட்டார். மாத்திரைப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மகள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆபத்து, பழைய நோயின் பெயரே புதிய நோயை மறைத்துவிடுவது. முப்பது வருடமாக மனநோய் உள்ள ஒருவர் திடீரென்று இரண்டு நாளில் ஆள் குழம்பிப் போனால், அவசரப் பிரிவில் சீட்டைப் பார்த்ததும் "சைக்கியாட்ரி கேஸ்" என்று ஒதுக்கிவிடுவது நடக்கிறது. அந்த வயதில் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், மருந்து அளவு ஏறியிருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். "அம்மாவுக்கு நோய் திரும்பினா இப்படி வராது டாக்டர், முதல்ல தூக்கம் போகும், அப்புறம்தான் பேச்சு மாறும், இது வேற" என்று சொல்லக்கூடியவர் அந்த இடத்தில் பிள்ளை ஒருவர்தான். பத்து வயதிலிருந்து சேர்த்த அந்த அறிவை "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று தள்ளிவிடாமல், கேட்டு எழுதிக்கொண்டு, ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் பரிசோதனை எழுதிக்கொடுப்பது மருத்துவமனையின் வேலை.